ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவான கம்ப்யூட்டர்

மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றுபோனார்.

மஸ்கட்டிலிருந்து அவர் "எனக்கு சாம்பார்ல..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். ஓசூரில் எங்கள் வீட்டு முன்னறைத் திரையில் படம் அப்படியே உறைந்துவிட்டது. சாம்பாரில் அவருக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சோபாவில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். மகன் பெண்ணோடு பேசுவதைப் பார்ப்பதற்காகவே கல்லாவியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர். அவரை நாங்கள் கல்லாவி அத்தை என்று கூப்பிட்டோம். பக்கத்தில் என் அம்மா, வீட்டுக்குள்ளேயே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. கேமராவுக்கு நேராகத் தலைகொள்ளாத கனகாம்பரத்தோடு செல்வி அக்கா. கல்லூரியில் பி.சி.ஏ. படிப்பவள் என்பதால் மவுஸ் என் கையில்.

"பல்வரிசை நல்லா இருக்குது" என்றார் அம்மா. யாராவது ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

எல்லோரும் உறைந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அத்தையின் பைக்குள் செல்போன் அலறியது. மஸ்கட்டிலிருந்து மகன்தான். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னாம்மா அங்க, பொண்ணு கண்ண மூடிக்கினே இருக்குது? தூங்குதா?"

அந்தப் பக்கத்தில் அக்கா இமைத்த நேரம் பார்த்து உறைந்திருக்கிறாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். வெட்கம் என்று அத்தை நினைத்துக்கொண்டார். அது வெட்கமில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கதவோரம் நின்றிருந்த அப்பா கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஏன்?"

அப்பா கேட்ட ஏன்கள்

அந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வீட்டில் சோற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்கியது அதுதான்.

அப்பா தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். அங்கே ஒரு மெஷின் நின்றால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும். மெஷின் ஏன் நின்றது? பெல்ட் அறுந்தது. ஏன் அறுந்தது? சூடானது. ஏன் சூடானது? இப்படியே தோண்டிக்கொண்டு போனால் ஐந்தாவது ஏனில் மூல காரணம் கிடைக்கும் என்பது அவர்கள் வேதம். வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

அதில் ஒரு விதி உண்டு. எந்த ஏனுக்கும் "ஆளுடைய அஜாக்கிரதை" என்று பதில் எழுதக் கூடாது. எழுதினால் தாள் திரும்பி வந்துவிடும். ஆளைத் திட்டி எந்த மெஷினும் ஓடியதில்லை, வேலை நடக்கும் முறையில்தான் எங்கோ கோளாறு, அதைத் தேடு என்பார்கள்.

அப்பா இதைக் கம்பெனியோடு விட்டிருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். அவர் அதை டிபன் பாக்ஸோடு வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போய், பால்காரர் வரும் நேரமும் அம்மா பார்க்கும் சீரியல் நேரமும் ஒன்றாக இருப்பதே மூல காரணம் என்று கண்டுபிடித்தார். பால்காரரை அரை மணி முன்னால் வரச் சொன்னார். அதற்குப் பிறகு பால் பொங்கவில்லை என்பதை அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு மெஷினில் கோளாறைச் சரிசெய்தால், அதே ரகத்தில் இருக்கும் மற்ற மெஷின்களிலும் அதே வைத்தியத்தைச் செய்துவிட வேண்டும். அது பழுதாகும்வரை காத்திருக்கக் கூடாது. பெரிய குக்கரின் கேஸ்கெட் கசிந்ததும், ஒரு குற்றமும் செய்யாத சின்ன குக்கரின் கேஸ்கெட்டையும் அப்பா மாற்றினார்.

அப்புறம் அந்த மஞ்சள் கோடு. கம்பெனியில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், போல்ட்டின் தலையில் தொடங்கிப் பக்கத்து இரும்புவரை பெயின்டால் ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு விலகிவிடும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டு மின்விசிறி, கேஸ் அடுப்பு, அப்பாவின் ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

இந்தக் கோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களைக் காட்டிக்கொடுத்தது இதுதான்.

வெல்வெட் போர்த்திய விருந்தாளி

கம்ப்யூட்டர் எனக்காக வாங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த ரஹீம் அண்ணன், பெங்களூருக்குப் போய் உதிரிகளாக வாங்கி வந்து எங்கள் வீட்டுத் தரையில் விரித்துப் போட்டு மாட்டினார். அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, "எல்லாம் கழட்டிக் கெடக்குதே, புதுசுதானா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

வந்த வாரமே அம்மா அதற்கு மெரூன் நிற வெல்வெட்டில் உறை தைத்தார். ஓரத்தில் ஜரிகை. மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, கீழே நிற்கும் பெட்டிக்கு ஒன்று. மூன்றையும் போர்த்தி வைத்தால் ஒரு குடும்பம் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

எங்கள் காலனியில் தெருவுக்கு நாலு பாஷை. பக்கத்து வீடு கன்னடம், எதிர் வீடு தெலுங்கு, கடைசி வீடு திருநெல்வேலி. அத்தனை பேரும் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார்கள். அத்தனை பாஷையிலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். இதில் சினிமா தெரியுமா?

பிறகு டெலிபோன் வழியாக பிராட்பேண்ட் வந்தது. அதன் பின்னால், மூன்று கால் வைத்த உருண்டைக் கேமரா ஒன்று. கேமரா வந்த கொஞ்ச நாளிலேயே மஸ்கட் வரனும் வந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அம்மா சொல்வார். நான் நம்புவதில்லை.

முதல் ஞாயிறு

முதல் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. அதுதான் வினை.

மாப்பிள்ளை சதீஷ் மஸ்கட்டில் ஏ.சி. கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். நல்ல மனிதர்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எடுத்த எடுப்பில் அக்காவிடம், "கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க, ஒயரம் தெரியல" என்றார். அக்கா எழுந்தாள். கேமராவில் அவளுடைய இடுப்பு மட்டும் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க." அக்கா பின்னால் போனாள். "இன்னும் கொஞ்சம்." சமையலறை வாசல்வரை போய்விட்டாள். அங்கிருந்து என்னைப் பார்த்த பார்வையிலேயே பாதிக் கல்யாணம் நின்றுவிட்டது.

மீதிப் பாதி அவர் கடைசியாகச் சொன்னதில் நின்றது.

"இங்க வந்துட்டா வேலை கீலையெல்லாம் உங்களுக்குத் தேவப்படாதுங்க. ஆவணியில எனக்கு லீவு. அப்பவே முடிச்சிடலாம்."

அம்மாவும் கல்லாவி அத்தையும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அப்பா தலையாட்டினார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் போர்டுகளில் பாகம் பொருத்தும் லைனில் இருந்தாள். பிளஸ் டூ முடித்ததும் ட்ரெய்னியாகச் சேர்ந்தவள். ட்ரெய்னி என்றால் எந்த நாளும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படிச் சொல்லியும் ஆயிற்று. அக்காவை மட்டும் லைனிலிருந்து எடுத்துச் சோதனை மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆர்டர் வரும் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். ஆவணியில் கல்யாணம் என்றால் அந்த ஆர்டர் வேறு யாருக்கோ போகும்.

அன்று ராத்திரி அவள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். "மஸ்கட்ல ராணியாட்டம் இருக்கப் போற, போர்டுல பொட்டு வெக்கற வேல எதுக்கு?" என்றார் அம்மா. அப்பாவிடம் சொல்ல அக்காவுக்குப் பயம். அடிப்பார் என்ற பயமில்லை. அவர் வாக்குக் கொடுத்துவிட்டார், தலையாட்டிவிட்டார், அதை அவர் மீற மாட்டார் என்ற பயம்.

அடுத்த சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என்னிடம் கேட்டாள்.

"ஏன்டி, கம்ப்யூட்டர எப்பிடி மெதுவா ஆக்கறது?"

உலகமே கம்ப்யூட்டரை எப்படி வேகமாக்குவது என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஜியாமெட்ரி பாக்ஸ்

எங்கள் பெட்டிக்குள் ராம் என்று சொல்லும் பச்சைப் பட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ராம் என்பது சமையலறை மேடை மாதிரி. மேடை அகலமாக இருந்தால் காய், அரிசி, மசாலா எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு வேகமாகச் சமைக்கலாம். ஒரு முழம்தான் மேடை என்றால் ஒவ்வொன்றுக்கும் அலமாரிக்கு ஓட வேண்டும். பெரிய பட்டையைக் கழற்றிவிட்டால் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் எப்போதாவது வரும் அஞ்செட்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருக்க வேண்டும்.

இதை நான் வாயால் சொன்னதோடு சரி. கழற்றியது அக்கா.

அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய மணிக்கட்டுப் பட்டை ஒன்றை மாட்டிக்கொண்டாள். உடம்பிலிருக்கும் மின்சாரம் பாகங்களில் பாய்ந்துவிடாமல் இருக்க லைனில் அதைக் கட்டுவார்கள். அதன் கிளிப்பைப் பெட்டியின் இரும்பில் கவ்வ வைத்தாள். பெரிய ராமின் இரண்டு ஓரக் கொக்கிகளையும் விரலால் தள்ளினாள். பட்டை தானாக மேலே எழுந்தது. தங்க நிற விளிம்பில் விரல் படாமல் எடுத்து, இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் கவரில் போட்டு, என் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸுக்கும் டிவைடருக்கும் நடுவில் படுக்க வைத்தாள். திருட்டு வேலையைக்கூட தரப் பரிசோதனைக்கு அனுப்புகிற மாதிரித்தான் செய்தாள்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வார நாட்களில் எனக்குக் கல்லூரி ரெக்கார்டு எழுதும் வேலை இருக்கிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாலையில் மாப்பிள்ளை போனதும் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

அந்த நிபந்தனைதான் எங்களைக் கவிழ்த்தது. அப்போது அது ரொம்ப புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

மறுநாள்தான் பல்வரிசை ஞாயிறு. அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை தும்மப் போகும் நேரத்தில் நின்றார். அந்த முகத்தை எல்லோரும் வெகுநேரம் பார்க்க வேண்டியதாயிற்று. கல்லாவி அத்தை கர்ச்சீப்பை எடுத்துத் திரைக்கு நேராக நீட்டப் போனார், பிறகு சுதாரித்துக்கொண்டார். தேதி என்ற பேச்சை எடுக்கும்போதெல்லாம் படம் நின்றுவிடுவதால், பஞ்சாங்கம் அத்தையின் மடியிலேயே மூடிக் கிடந்தது.

ரஹீம் அண்ணன் வைத்தியம்

அப்பா ரஹீம் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் செவ்வாய்க்கிழமை வந்தார். செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது.

"நல்லாத்தானே சார் ஓடுது?" என்றார்.

"ஞாயித்துக்கெழம வந்து பாருங்க பாய்."

"ஞாயித்துக்கெழம கடை லீவு சார். எதுக்கும் ஃபார்மட் பண்ணிடலாம்."

ரஹீம் அண்ணனிடம் எதைக் காட்டினாலும் ஃபார்மட் பண்ணிடலாம் என்பார். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட. அன்று அவர் செய்த ஃபார்மட்டில் நான் வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் அத்தனையும் போயின. நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். உண்மையான காரணத்தைச் சொல்லவும் முடியாது. அக்கா முதுகைத் தடவிக்கொடுத்து, "பர்மனென்ட் வந்ததும் மொத சம்பளத்துல உனக்கு சி.டி. வாங்கித் தரேன்டி" என்றாள். பர்மனென்ட் வந்தது. சி.டி. வரவில்லை. அவள் இதைப் படிப்பாள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு கன்னட மாமி ஞாயிற்றுக்கிழமை ராகு காலம்தான் காரணம் என்றார். அம்மா வெல்வெட் உறையைத் துவைத்துப் போட்டார். அப்பா மட்டும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினார். முதல் ஏன்: கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக ஓடுகிறது? அதற்கு எதிரே பதிலெழுத வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் அந்தக் காலி இடத்தையே பார்ப்பார்.

ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே தனக்குத்தானே சொன்னார். "ஒரே ஷிப்டுல மட்டும் மெஷின் மக்கர் பண்ணுச்சுன்னா, கோளாறு மெஷின்ல இல்ல."

அக்காவும் நானும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

கோடு விலகிய நாள்

அந்த ஞாயிறு அக்காவுக்குக் காலையில் ஓவர்டைம் விழுந்துவிட்டது. கம்பெனி பஸ் ஏறும் முன் என் காதில், "நீயே கழட்டிடு, விளிம்ப மட்டும் தொடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா சமையலறையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் பின்பக்க ஸ்க்ரூக்களை அவசர அவசரமாகத் திருகினேன். பின்பக்கம் சுவரை ஒட்டி இருட்டு. என் கண்ணாடி வேறு பூஜை அறையில் கிடந்தது. பட்டையை எடுத்து ஒளித்து, ஸ்க்ரூக்களைத் திரும்ப முறுக்கிவிட்டு நல்ல பிள்ளையாகப் போய் முந்திரி உடைத்துக் கொடுத்தேன்.

மாலையில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. மாப்பிள்ளை நின்றார். அத்தை பெருமூச்சு விட்டார். "இந்த நெட்டு கிட்டு சரிப்பட்டு வராதுங்க. அடுத்த வாரம் வரேன், போன்லயே வெச்சி தேதிய முடிச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அக்கா முகம் வெளுத்துப்போயிற்று.

அத்தையை அனுப்பிவிட்டு வந்த அப்பா நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். வெல்வெட்டை உருவினார். பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

பின்பக்க ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு. எப்போது போட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோடும் பாதியில் முறிந்து, ஸ்க்ரூவில் ஒரு பக்கமும் தகரத்தில் ஒரு பக்கமுமாக நின்றது.

நான் அக்காவின் பின்னால் போய் நின்றேன்.

ஐந்து ஏன்கள்

"யாரு?" என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவருடைய தாளிலேயே கிடையாதே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இத ஏன் தொறந்தீங்க?"

அக்கா ஓவர்டைம் முடித்து வந்து அவசரமாகக் கட்டிய பட்டுப்புடவையோடு முன்னால் வந்தாள். "ராம கழட்டறதுக்குப்பா." நான் ஓடிப்போய் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

அப்பா அதைத் திறந்து பார்த்தார். "ஏன் கழட்டுனீங்க?"

"கம்ப்யூட்டரு மெதுவா ஆவணும்னு."

"ஏன் மெதுவா ஆவணும்?"

"பேச்சு பாதியில நின்னா தேதி குறிக்க மாட்டாங்கன்னு."

அம்மா கேசரிக் கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். "அடிப்பாவிங்களா" என்று தொடங்கியவரை அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் தேதி குறிக்கக் கூடாது?"

"தீபாவளிக்குள்ள எனக்கு பர்மனென்ட் ஆவுதுப்பா. ஆவணியில கல்யாணம்னா அது போயிடும். எத்தினி பேர அனுப்பிட்டாங்க, நான் ஒருத்திதான் அந்த மேசைக்கு வந்தேன். அத விட்டுட்டு என்னால போவ முடியாது."

அப்பா ஜியாமெட்ரி பாக்ஸை மூடினார். கடைசி ஏனைக் கேட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னாள்.

"பாலு ஏன் பொங்குச்சுன்னு கேட்டீங்க. குக்கரு ஏன் கசியுதுன்னு கேட்டீங்க. இந்தக் கம்ப்யூட்டரு ஏன் மெதுவா ஓடுதுன்னு வாரக்கணக்கா கேக்கறீங்க. என்ன மட்டும் ஒண்ணுமே கேக்கலியேப்பா."

அம்மாவின் கரண்டியிலிருந்து கேசரி ஒரு துளி தரையில் விழுந்தது. அதைக்கூட யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்பா ஊரைவிட்டு ஓசூருக்கு வந்த புதிதில் வருஷக்கணக்கில் டெம்பரரியாக இருந்தவர். பர்மனென்ட் ஆன அன்று கம்பெனி கேட்டிலிருந்து வீடுவரை நடந்தே வந்தாராம், பஸ்ஸில் ஏற வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல். அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்டு விழாததால் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அப்பா எழுந்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். அக்காவின் பக்கம் ஜியாமெட்ரி பாக்ஸைத் தள்ளினார்.

"நீயே மாட்டு. ஒனக்குத்தான் கைப்பழக்கம்."

மஸ்கட் நின்றது

அடுத்த ஞாயிறு, இரண்டு பட்டைகளோடும் கம்ப்யூட்டர் பளிச்சென்று ஓடியது. மாப்பிள்ளைக்குத் தாடையில் ஒரு மச்சம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. கேமராவுக்கு முன்னால் அக்கா உட்காரவில்லை. அப்பா உட்கார்ந்தார், சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு. கல்லாவி அத்தை மடியில் பஞ்சாங்கத்தை விரித்து வைத்திருந்தார்.

"தம்பி, எம்பொண்ணுக்கு தீபாவளிக்கு வேல பர்மனென்ட் ஆவுது. அத விட்டுட்டு வர மாட்டா. இத நான் முன்னாடியே அவகிட்ட கேட்டிருக்கணும். கேக்காம தலையாட்டிட்டேன். தப்பு என்மேலதான்."

மாப்பிள்ளை அப்போது ஒரு காரியம் செய்தார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை.

"அங்கிள், நெசத்த சொல்லணும்னா எனக்கும் இப்ப கல்யாணம் வேணாங்க. ரெண்டு வருஷம் போவட்டும்னு நெனச்சேன். அம்மாதான் அவசரப்படறாங்க."

சோபாவிலிருந்து அத்தை எழுந்தார். பஞ்சாங்கம் கீழே விழுந்தது. அப்பாவை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத் திரைக்கு நேராகப் போய் நின்றார்.

"ஏன்டா, இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

அந்தக் கணம் மஸ்கட் பக்கம் படம் நின்றுவிட்டது. எங்கள் ராம் இரண்டும் உள்ளேதான் இருந்தன, அக்காவே மாட்டியது. அங்கே நிஜமாகவே நின்றதா, இல்லை அவரும் எதையாவது கழற்றினாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அதே ரகத்து மெஷின்

தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா ஆர்டரோடு வந்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பிறகு வெளியே போய் ஸ்கூட்டரை எடுத்தார். "எங்க போறீங்க?" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் கிளம்பிவிட்டார். ஸ்வீட் பாக்ஸோடு திரும்பி வந்தார். அதில் முதல் லட்டை அக்காவுக்குக் கொடுக்காமல் ஏன் எனக்குக் கொடுத்தார் என்று அப்போது புரியவில்லை.

சில வருஷங்கள் கழித்துப் புரிந்தது.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா என் அறைக்கு வந்தார். கையில் என் பழைய ஜியாமெட்ரி பாக்ஸ். என்னைக் கேட்காமல் அவராகவே கம்ப்யூட்டரைத் திறந்து பெரிய பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். இளஞ்சிவப்பு கவரில்தான் போட்டிருந்தார், விளிம்பைத் தொடாமல்.

"நாலு மணிக்கு ஒருத்தரு பேசுவாரு. போட்டோவப் பாரு, யோசி. புடிச்சா மாட்டு. புடிக்கலன்னா வெச்சுக்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"இல்ல, கேப்பேன். புடிக்கலன்னா ஏன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சுக்கணும்ல."

ஒரு மெஷினில் கண்ட வைத்தியத்தை அதே ரகத்து மற்ற மெஷினுக்கும் செய்துவிட வேண்டும். அது பழுதாகும்வரை காத்திருக்கக் கூடாது. அன்று முதல் லட்டு என் கைக்கு வந்ததும் அதனால்தான். ஜியாமெட்ரி பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை.

அன்று மாட்டவில்லை. அடுத்த வரனுக்கும் மாட்டவில்லை. அதற்கடுத்து ஒருவருடைய போட்டோ வந்தது. நாலு மணி ஆகும்வரை பொறுமை இல்லாமல், சாப்பிட்ட கை ஈரம் காயும் முன்னே போய் மாட்டினேன்.

அவர்தான் இப்போது பக்கத்து அறையிலிருந்து கத்துகிறார். "ஏங்க, இந்த லேப்டாப் ஏன் இவ்ளோ மெதுவா ஓடுது?"

சத்தியமாக இந்த முறை நான் எதையும் கழற்றவில்லை.